கோலமாவு டப்பாவும் குளிர்கால ஒலிம்பிக்கும்

2026 பிப்ரவரி 6 முதல் 22 வரை இத்தாலியில் மிலான் – கோர்ட்டினா குளிர்கால ஒலிம்பிக் போட்டிகள் நடக்கின்றன. வீட்டில் வாண்டுகளை வைத்துக்கொண்டு இதை எப்படிப் பார்ப்பது என்று இந்த மாதம் நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன், ரொம்ப நீளமானவற்றைக் கொஞ்சம் வெட்டிவிட்டேன். கோபிக்க வேண்டாம்.

கே: என் மகளுக்கு ஆறு வயது. ஃப்ரீசரைத் தவிர வேறெங்கும் அவள் ஐஸ் பார்த்ததில்லை. போன வாரம் யூடியூபில் பனிச்சறுக்கு ஒன்றைக் காட்டினேன், ரெண்டே நிமிஷத்தில் “வேற போடும்மா” என்றுவிட்டாள். எங்கிருந்து ஆரம்பிப்பது? – வாசகி, சேலம்

ப: ரெண்டு நிமிஷம் உட்கார்ந்தாளே, அதுவே நல்ல ஆரம்பம்தான். மொத்தம் 116 பதக்கப் போட்டிகள் இருக்கின்றன. அதில் ஒன்றைக்கூட முழுசாகப் பார்த்தாக வேண்டும் என்று அவளுக்கு எந்தக் கட்டாயமும் இல்லை, உங்களுக்கும் இல்லை. ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம், ஒரே ஒரு விளையாட்டு, போதும். எந்த விளையாட்டு என்பதை மட்டும் நீங்கள் முடிவு செய்யாதீர்கள். நான் அந்தத் தப்பைச் செய்திருக்கிறேன்.

2022இல் பெய்ஜிங் போட்டி நடந்தபோது என் தங்கை மகனுக்கு ஐந்து வயது. எனக்கு ஐஸில் நடனமாடும் ஃபிகர் ஸ்கேட்டிங் என்றால் உயிர், அதனால் அவனுக்கும் பிடித்தே தீர வேண்டும் என்று பக்கத்தில் உட்கார வைத்து, இப்போ பாரு மூணு சுத்து, இப்போ பாரு நாலு சுத்து என்று நான் சொல்லச் சொல்ல, அவன் நைசாக நழுவி சோபாவுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். மறுநாள் நான் எதுவும் சொல்லாமல் டிவியைப் போட்டுவிட்டுக் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். கர்லிங் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் சமையல்கட்டுக்கு வந்து கேட்டான்: “பெரிம்மா, அந்த அங்கிள் ஏன் ஐஸைப் பெருக்கறாரு?”

அந்த ஒரு கேள்வியோடு பையன் மாட்டிக்கொண்டான்.

கர்லிங் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். ஐஸ் தரையில் ஒரு கிரானைட் கல்லைத் தள்ளிவிட்டு, தூரத்தில் வரைந்திருக்கும் வட்டத்துக்குள் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். கல்லின் எடை 20 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, ஏறக்குறைய ஒரு யு.கே.ஜி. பிள்ளையின் எடை. ஸ்காட்லாந்துக் கரைக்கு அப்பால் எய்ல்சா கிரெய்க் என்று ஒரு குட்டித் தீவு இருக்கிறது, அங்கே எடுத்த கல்லில் செய்தது. அது போகிற வழியில் ரெண்டு பேர் தேய்த்துக்கொண்டே ஓடுவார்கள். தேய்க்கத் தேய்க்க ஐஸ் லேசாகச் சூடாகி உராய்வு குறையும், கல் இன்னும் கொஞ்ச தூரம் போகும், அதிகம் வளையாமலும் போகும். கேரம் ஆடுகிற வீட்டில் இதைச் சொல்லித்தரவே வேண்டாம், போர்டில் பவுடர் போடுகிறோமே, அதே வேலைதான். வீட்டில் கேரம் பைத்தியமான தாத்தா யாராவது இருந்தால் அவரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். எதிராளி கல்லை எந்தக் கோணத்தில் தட்டினால் வெளியே போகும் என்று வர்ணனையாளருக்கு முன்னால் அவர் சொல்லிவிடுவார்.

மறுநாள் காலையில் கூடத்தில் சர்ர்ரென்று சத்தம். போய்ப் பார்த்தால் மொசைக் தரையில் அம்மாவின் கோலமாவு டப்பா வழுக்கிக்கொண்டு வருகிறது, அதற்கு முன்னால் துடைப்பத்தோடு குனிந்து பெருக்கிக்கொண்டே, டிவியில் கேட்டபடி “ஹர்ரி, ஹர்ரி” என்று கத்திக்கொண்டே பின்பக்கமாக வருகிறான் இவன். டப்பா பீரோ காலில் மோதி மூடி கழன்றது. கூடத்திலிருந்து சமையல்கட்டு வாசல் வரை வெள்ளை வெளேர். என் அம்மா வந்து பார்த்து, திட்ட வாயெடுத்து, அப்புறம் என்ன நினைத்தாரோ, “சரி, துடைப்பம் கையிலதான இருக்கு, இப்போ நிஜமாவே பெருக்கு” என்றார். அந்த ஒலிம்பிக் முடிகிற வரை அவன் கர்லிங் தவிர எதையும் பார்க்கவில்லை. பார்க்கச் சொல்லி நானும் கேட்கவில்லை.

உங்கள் மகளுக்கு ஃப்ரீசர் ஐஸ் தெரியுமே, அதையே பிடித்துக்கொள்ளுங்கள். விளிம்பு உயர்ந்த எவர்சில்வர் தட்டில் ஒரு விரல் கனத்துக்குத் தண்ணீர் ஊற்றி ராத்திரி ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். காலையில் அதன்மேல் ஒரு ரூபாய் நாணயத்தைச் சுண்டச் சொல்லுங்கள். முதலில் அப்படியே ஒரு தடவை, பிறகு உள்ளங்கையால் ஐஸை நன்றாகத் தேய்த்துவிட்டு ஒரு தடவை. எங்கள் வீட்டில் தட்டு ஃப்ரீசருக்குள் சாய்ந்து உட்கார்ந்துவிட்டது. வெளியே எடுத்துச் சமமாக வைத்தால் ஐஸ் ஒரு பக்கம் சரிவு, நாணயம் எப்படிச் சுண்டினாலும் இடது பக்கம் வளைந்து ஓடியது. சோதனை சொதப்பிவிட்டது என்று நான் நினைத்தேன், அவனோ வளைவைக் கணக்குப் போட்டு வலது பக்கமாகச் சுண்ட ஆரம்பித்துவிட்டான்.

கே: தொடக்க விழா நடுராத்திரியாமே? இரண்டாம் வகுப்புப் பையன், முழித்திருந்து பார்த்தே தீருவேன் என்கிறான். – வாசகி, திருச்சி

ப: தூங்க வையுங்கள். இத்தாலி நமக்கு நாலரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. அங்கே வெள்ளிக்கிழமை இரவு 8 மணி என்றால் இங்கே நள்ளிரவு தாண்டி 12.30. விழாவில் யார் ஜெயித்தார்கள் என்ற ரகசியம் எதுவும் கிடையாது, அதனால் சனிக்கிழமை காலையில் இட்லியைக் கையில் கொடுத்துவிட்டு நாடுகளின் அணிவகுப்பை மட்டும் ஓட்டி ஓட்டிக் காட்டினால் போதும். பேச்சையும் நடனத்தையும் தாண்டிவிடலாம். மற்றபடி இந்த நேர வித்தியாசம் நமக்குச் சாதகம்தான். அங்கே காலை 11.30க்கு நடப்பது இங்கே சாயங்காலம் 4 மணிக்கு வரும், பள்ளி விட்டு வந்து பால் குடிக்கிற நேரம். அங்கே ராத்திரி நடப்பதையெல்லாம் மறந்துவிடுங்கள். கர்லிங் தொடக்க விழாவுக்கு முன்னால் 4ஆம் தேதியே ஆரம்பித்துக் கடைசி நாள் வரை போகும். ஆமாம், மறுபடியும் கர்லிங். எனக்கும் தொற்றிக்கொண்டுவிட்டது.

கே: டிவியைப் போட்டதும் மகன் கேட்கிற முதல் கேள்வி, “இந்தியா எங்கப்பா?” நாம் ஜெயிக்காத போட்டியை எப்படிப் பார்க்க வைப்பது? – வாசகர், மதுரை

ப: குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியா இதுவரை ஒரு பதக்கமும் வாங்கியதில்லை, அதை மறைக்க வேண்டாம். ஆனால் ஆள் இல்லை என்று சொல்லாதீர்கள்.

சிவ கேசவனைக் காட்டுங்கள். மணாலிக்காரர், அப்பா மலையாளி, அம்மா இத்தாலியர். விளையாட்டு லூஜ். ஒரு சின்னச் சறுக்கு வண்டியில் மல்லாக்கப் படுத்து, கால் முன்னால், தலை பின்னால், ஐஸ் வாய்க்கால் மாதிரி வளைந்து வளைந்து இறங்கும் பாதையில் மணிக்கு 130 கிலோமீட்டருக்குப் போவது. அது வேகமான எக்ஸ்பிரஸ் ரயிலின் வேகம் என்று சொன்னால் பையனுக்குப் புரியும், ரயிலுக்கு ஜன்னல் உண்டு, இதற்கு ஒன்றுமே கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 1998இல் ஜப்பானின் நாகானோவில் முதல் தடவை இறங்கியபோது அவருக்கு வயது 16. 2018 வரை ஆறு குளிர்கால ஒலிம்பிக். நம் நாட்டில் லூஜ் பாதை இல்லை என்பதால் வண்டிக்கு அடியில் சக்கரம் மாட்டி இமயமலை ரோட்டில், லாரிக்கும் ஆட்டுமந்தைக்கும் நடுவில் பயிற்சி எடுத்தவர். அந்த வீடியோ இருக்கிறது, அதைப் பாருங்கள். இன்னொன்றும் இருக்கிறது: 2014 சோச்சியில் பயிற்சி ஓட்டத்தின் நடுவே வண்டியிலிருந்து விழுந்து, விழுந்த வேகத்திலேயே வழுக்கிக்கொண்டு போய் மறுபடி வண்டிமேல் ஏறிப் படுத்துக்கொள்வார். எந்தப் பிள்ளையும் இதை ஒரு தடவையோடு விடாது, “இன்னொரு வாட்டி” என்று குறைந்தது ஆறு தடவையாவது போட வைக்கும்.

அப்புறம் ஆரிஃப் கான். காஷ்மீரில் குல்மார்க் பக்கம், பனிச்சறுக்குச் சாமான் கடை வைத்திருந்தவரின் பிள்ளை. 2022இல் மொத்த இந்தியாவுக்கும் அவர் ஒருவர்தான் போனார், கொடியையும் அவரே பிடித்தார். கம்பங்களைச் சுற்றி வளைந்து வளைந்து மலையிறங்கும் ஜெயண்ட் ஸ்லாலம் பனிச்சறுக்குப் போட்டியன்று பனி கொட்டோ கொட்டென்று கொட்டி, நிறையப் பேர் பாதியிலேயே விழுந்து வெளியேற, இவர் இரண்டு சுற்றையும் முடித்து 45ஆவது இடம். 45 என்றதும் உங்கள் மகன் உதட்டைப் பிதுக்கலாம். பிதுக்கட்டும், வாதாட வேண்டாம். அடுத்த தடவை யாராவது பாதியில் விழும்போது அவனே கணக்குப் போட்டுக்கொள்வான்.

கே: மகளுக்கு ஏழு வயது, இங்கேயே பிறந்தவள். வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் கனடாக் கொடி கீறுகிறார்களாம். அப்பப்பாவும் அப்பம்மாவும் எங்களோடுதான் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஐஸ் ஹொக்கி ஒன்றுமே விளங்குவதில்லை. “அப்பப்பா எந்த நாட்டுக்குக் கை தட்டுவார்?” என்று பிள்ளை கேட்கிறாள். என்ன சொல்லலாம்? – வாசகர், ஸ்கார்பரோ

ப: நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம், அப்பப்பாவிடமே கேட்கச் சொல்லுங்கள். அவர் என்ன பதில் சொல்வார் என்று தெரிந்துகொள்ள எனக்கே ஆசையாக இருக்கிறது, முடிந்தால் எழுதுங்கள்.

ஹாக்கியை அவள்தான் அவருக்குச் சொல்லித்தர வேண்டும், நீங்கள் நடுவில் போகக் கூடாது. ஒரு பக்கத்துக்குக் கோல்கீப்பரோடு சேர்த்து ஆறு பேர், இருபது இருபது நிமிஷமாக மூன்று பகுதி என்பதெல்லாம் சுலபம். பக் என்றால் என்ன என்று அப்பப்பா கேட்பார். அப்போது பிள்ளை கொஞ்சம் யோசித்து, கறுப்பு ரப்பர் வட்டு என்றோ, தோசை மாதிரி ஒன்று என்றோ தமிழில் எதையாவது கண்டுபிடித்தாக வேண்டும். அது துள்ளாமல் இருக்க ஆட்டத்துக்கு முன்னால் ஃப்ரீசரில் வைப்பார்கள் என்று சொன்னால் அப்பம்மாவும் காது கொடுப்பார். பெண்கள் ஆட்டத்திலிருந்து ஆரம்பிக்கலாம். 1998இல் பெண்கள் ஐஸ் ஹாக்கி சேர்ந்ததிலிருந்து 2022 வரை தங்கம் கனடாவுக்கு, இல்லாவிட்டால் அமெரிக்காவுக்கு, வேறு யாருக்கும் போனதில்லை. அதனால் இந்த இரண்டும் மோதும் ஆட்டத்தில் கட்சி கட்டுவது ரொம்பச் சுலபம். இத்தாலி உங்களுக்கு ஆறு மணி நேரம் முன்னால் இருக்கிறது, ஆகவே சனி ஞாயிறு காலைகள் உங்களுடையவை. ஒரு நாள் நேதன் பிலிப்ஸ் சதுக்கத்துக்குக் கூட்டிப்போய் அவளுக்கு ஸ்கேட் கட்டி விடுங்கள், அப்பப்பா கம்பளித் தொப்பியோடு வெளியே நின்று அவள் பையைப் பிடித்துக்கொள்ளட்டும். தானே நாலு தடவை விழுந்து எழுந்த பிள்ளை அதற்கப்புறம் டிவியைப் பார்க்கிற விதமே வேறு.

கனடாவோடு கூட இன்னொரு நாட்டையும் அவள் எடுத்துக்கொள்ளட்டும், அணிவகுப்பில் ஒரே ஒரு ஆள் கொடியோடு வரும் நாடாகப் பார்த்து. 2018இல் தென் கொரியாவில் 15 கிலோமீட்டர் பனிச்சறுக்கு ஓட்டத்தில் கடைசியாக வந்தவர் மெக்சிகோவின் ஹெர்மன் மத்ராசோ. வயது 43, பனிச்சறுக்கு பழக ஆரம்பித்தே ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. கடைசித் தூரத்தைக் கையில் மெக்சிகோ கொடியோடு வந்து முடித்தார். அவருக்கு முன்னால் முடித்திருந்த டோங்கா நாட்டுக்காரர் பீட்டா டவ்ஃபடோஃபுவாவும் இன்னும் சிலரும் எல்லைக் கோட்டருகே காத்திருந்து அவரைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். தங்கம் வாங்கியவரின் பெயர் எனக்கு உடனே ஞாபகம் வராது, இது மட்டும் மறக்கவில்லை.

கே: நாலு வயது மகள் ஒருவர் விழுந்ததைப் பார்த்துவிட்டு ராத்திரி முழுக்க அழுதாள். அவள் அண்ணனுக்கு ஏழு வயது, அவன் அதே காட்சியைப் பார்த்துவிட்டுக் கட்டில் மேலிருந்து குதிக்கிறான். ரெண்டையும் எப்படிச் சமாளிப்பது? – வாசகி, கோவை

ப: சின்னவளுக்கு மலையிறக்கப் பந்தயங்களை நேரலையில் காட்டாதீர்கள். விழுவதைவிட, அதையே மெதுவாக ஓட்டி நாலு கோணத்தில் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்களே, அதுதான் பிள்ளைகளைப் பயமுறுத்துகிறது. வர்ணனையாளர் அலறும்போது சத்தத்தைக் குறைத்துவிடுங்கள். பார்த்துவிட்டாள் என்றால் “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல” என்று மழுப்பாமல், ஹெல்மெட் போட்டிருக்கிறார், ஓரத்தில் வலை கட்டியிருக்கிறது, டாக்டர் ஓடி வருகிறார் பார் என்று இருப்பதைச் சொல்லுங்கள். ஆஸ்திரியாவின் ஹெர்மன் மயர் 1998இல் அந்தரத்தில் பறந்து வேலி வலைகளையெல்லாம் பிய்த்துக்கொண்டு விழுந்தார், மூன்றே நாளில் திரும்பி வந்து தங்கம் வாங்கினார், அப்புறம் இன்னொரு தங்கமும் வாங்கினார். கதையாகச் சொல்லுங்கள். வீடியோ வேண்டவே வேண்டாம்.

அண்ணனைத் தடுத்துப் பயனில்லை, அவனுக்கு ஒரு விதியைக் கொடுத்துவிடுங்கள். ஸ்கீ ஜம்பிங்கில் எவ்வளவு தூரம் பறந்தார்கள் என்பதோடு எப்படி இறங்கினார்கள் என்பதற்கும் மார்க் உண்டு. ஒரு கால் முன்னால், ஒரு கால் பின்னால், முழங்கால் மடங்கி, கை ரெண்டும் விரிந்து, ஆடாமல் நிற்க வேண்டும், அதற்கு டெலிமார்க் என்று பெயர். தரையில் மெத்தையை விரித்து, உட்கார்ந்து சாப்பிடுகிற மணையைப் போட்டு, அதன் மேலிருந்து மட்டும் குதிக்கலாம் என்று சொல்லுங்கள். தங்கச்சிதான் நடுவர், ஆடினால் மார்க் குறைப்பாள். கட்டில், மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் எல்லாம் தடை, அதில் பேரமே கிடையாது.

கே: ஐந்து வயதுக்குப் பிடிப்பது ஒன்பது வயதுக்குப் பிடிப்பதில்லை, ரிமோட்டுக்குச் சண்டை. – வாசகர், நாகர்கோவில்

ப: பயத்லான். பனிச்சறுக்குக் கட்டைகளோடு மூச்சு வாங்கச் சறுக்கி வந்து, துப்பாக்கியை எடுத்து, 50 மீட்டர் தள்ளி இருக்கும் ஐந்து வட்டங்களைச் சுட வேண்டும். படுத்துச் சுடும்போது வட்டத்தின் அகலம் 45 மில்லிமீட்டர்தான், ஒரு எலுமிச்சம்பழம் அளவு. ஸ்பிரிண்ட் மாதிரிப் பந்தயங்களில் தவறவிட்ட ஒவ்வொன்றுக்கும் 150 மீட்டர் கூடுதலாக ஒரு சுற்று. பத்து நிமிஷம் பார்த்துவிட்டு டிவியை அணைத்துவிடுங்கள். வீட்டில் மாடிப்படி மூன்று தடவை ஏறி இறங்கி, வந்து நின்று, ஐந்து புளியங்கொட்டையை எட்டடி தள்ளி இருக்கும் சொம்பில் போட வேண்டும், விடுபட்ட ஒவ்வொன்றுக்கும் சாப்பாட்டு மேஜையை ஒரு சுற்று. பெரியவன் படியில் பறந்து வந்து, இரைக்க இரைக்க எறிந்து, ஒன்றும் விழாமல் மேஜையையே சுற்றிக்கொண்டிருப்பான். சின்னது நிதானமாக வந்து மூணு போட்டுவிட்டுப் போகும். எங்கள் வீட்டில் இது பெரியவர்கள் விளையாட்டாகிவிட்டது, அது வேறு விஷயம்.

ஒன்பது வயதுக்காரனுக்குத் தனியாக ஒரு கதை: 2002இல் சால்ட் லேக் சிட்டியில் 1000 மீட்டர் ஷார்ட் டிராக், அதாவது ஐஸில் வேகமாகச் சுற்றி வரும் ஸ்கேட்டிங் பந்தயத்தின் இறுதி ஓட்டம். ஆஸ்திரேலியாவின் ஸ்டீவன் பிராட்பரி எல்லோருக்கும் பின்னால் வந்துகொண்டிருந்தார். கடைசி வளைவில் முன்னால் போன நாலு பேரும் ஒருவர் மேல் ஒருவர் இடித்து விழ, இவர் நின்றபடியே வழுக்கி வந்து தங்கம் வாங்கினார். அது நியாயமா இல்லையா என்று கேட்டுவிட்டு நீங்கள் பேசாமல் இருங்கள்.

கே: “ஐஸ்ல வழுக்கி விழறதெல்லாம் ஒரு விளையாட்டா, பிள்ளைக்கு ஸ்லோகம் சொல்லிக் கொடு” என்கிறார் என் மாமியார். – வாசகி, கும்பகோணம்

ப: அத்தையை ஃபிகர் ஸ்கேட்டிங்குக்கு உட்கார வையுங்கள். உடையில் ஜிகினா எவ்வளவு, முதுகு எவ்வளவு தெரிகிறது, அந்தப் பையன் அந்தப் பெண்ணைக் கீழே போட்டுவிடுவானா என்று அவருக்குச் சொல்ல நிறைய இருக்கும். பேத்தியும் அவரும் ஆளுக்கொரு பத்துக்கு மார்க் போடட்டும். ஸ்லோகம் காலையில், ஸ்கேட்டிங் சாயங்காலம், இதில் ஒன்றும் மோதல் இல்லை.

கே: 22ஆம் தேதி முடிந்துவிடும் என்றதும் மகள் இப்போதே “அப்புறம் என்ன?” என்கிறாள். – வாசகி, புதுச்சேரி

ப: அப்புறம் மார்ச் 6 முதல் 15 வரை பாராலிம்பிக், அதே ஊர்களில். சின்னங்களை வைத்தே அவளுக்குச் சொல்லிவிடலாம். டினா, மிலோ என்று ரெண்டு ஸ்டோட், கீரிப்பிள்ளை மாதிரி நீளமாக ஒல்லியாக இருக்கும் ஒரு குட்டி விலங்கு, கோடையில் பழுப்பு நிறம், குளிர்காலத்தில் வெள்ளை. வெள்ளை டினா ஒலிம்பிக்குக்கு, பழுப்பு மிலோ பாராலிம்பிக்குக்கு. மிலோவுக்குப் பிறவியிலேயே ஒரு பாதம் கிடையாது, வாலை ஊன்றிச் சமாளித்துக்கொள்வான். இந்த ரெண்டையும் யோசித்து வரைந்தவர்கள் தெற்கு இத்தாலியில் கலாப்ரியா பகுதிப் பள்ளிப் பிள்ளைகள். மகளுக்கு ஒரு பேப்பரும் கிரேயானும் கொடுத்து, நம் ஊரில் நடந்தால் எந்த மிருகத்தை வைப்பாய் என்று கேட்டுப் பாருங்கள்.

பாராலிம்பிக்கிலும் கர்லிங் உண்டு, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒரு நீளக் குச்சியால் கல்லைத் தள்ளுவார்கள், நாற்காலி நகராமல் பின்னால் இன்னொருவர் பிடித்துக்கொள்வார். அதில் பெருக்குவது கிடையாது. கல் கையை விட்டுப் போனால் போனதுதான். என் தங்கை மகனுக்கு இப்போது ஒன்பது வயது, போன வாரம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்போ தள்ளும்போதே எல்லாத்தையும் யோசிச்சிருக்கணுமா பெரிம்மா?” என்று கேட்டுவிட்டு, கேரம் போர்டைத் தேடிக்கொண்டு உள்ளே போனான்.